ஒரே தட்டில்

எத்தியோப்பிய நாட்டிற்குச் சென்று திரும்பியதிலிருந்து நம் பங்கு மக்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வி, "அங்கே என்ன சாப்பிட்டீர்கள், சாமி?" என்பதே. ஆலயங்களைப் பற்றிக் கேட்பவர் குறைவு. அதனால் குறையொன்றும் இல்லை. ஒரு நாட்டின் பக்தியை அதன் அடுக்களையிலும் காணலாம்.

அவர்களுடைய அன்றாட உணவு இஞ்சரா. கடுகினும் சிறிய தெஃப் என்னும் தானியத்தை மாவாக்கிக் கரைத்து, இரண்டு மூன்று நாட்கள் புளிக்க வைத்து, அகன்ற மண் கல்லில் ஊற்றி மூடி, ஒரு பக்கம் மட்டும் வேக விடுகின்றனர். மேற்புறம் நம் ஆப்பம்போலத் துளை துளையாக இருக்கும். அம்ஹாரிக் மொழியில் அத்துளைகளுக்குக் 'கண்' என்று பெயர். புளிப்பு நம் தோசையைவிட மிகுதி.

நான் சென்றது 2019-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில். அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு அது 55 நாட்கள். அந்நாட்களிலும், பெரும்பாலான புதன் வெள்ளிகளிலும் இறைச்சி மட்டுமன்று, பால், வெண்ணெய், முட்டையும் விலக்கு. எல்லா நோன்புகளையும் கூட்டினால் பொதுமக்களுக்கே ஆண்டில் ஏறத்தாழ 180 நாட்கள் வரும்! வெள்ளிக்கிழமை மீன்கடைக்கு விரையும் நம்மவரை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அடிஸ் அபாபாவில் ஒரு வெள்ளியன்று எங்கள் வாகன ஓட்டுநர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். செம்பில் நீர் வார்த்துக் கை கழுவச் செய்தனர். பின்பு ஒரே பெரிய தட்டு வந்தது. இஞ்சராவின்மேல் பருப்பும் கடலைமாவுக் குழம்பும் கீரையும். தனித் தட்டு எவருக்கும் இல்லை. அவருடைய தாயார், மனைவி, மகள், நான் என ஐவரும் சுற்றி அமர்ந்து வலக்கையால் பிய்த்து உண்டோம். இடையில் அம்மூதாட்டி பெரிய கவளம் ஒன்றை உருட்டி, "அபா" என்று அழைத்து என் வாயருகே நீட்டினார். குருக்களை அங்கே அப்படித்தான் அழைக்கின்றனர். இவ்வாறு ஊட்டுவதற்குக் 'குர்ஷா' என்று பெயர், மறுப்பது மரியாதையன்று.

என் அன்னை மறைந்தபின் எனக்கு ஊட்டிய கை அது ஒன்றே. நம் திருவிழா விருந்துகளில் எனக்குத் தனி மேசை, தனித் தம்ளர். அது மரியாதை என்பதை அறிவேன். ஆனால் நம் சிற்றூர்களில் தனித் தம்ளர் மரியாதைக்காக மட்டுமா வைக்கப்பட்டது? சமபந்திக்கு இலை போட்டபின், "வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டோம், சாமி" என்று நழுவியவர்களையும் கண்டிருக்கிறேன்.

உணவுக்குப் பின் காப்பி. பச்சைக் கொட்டையை நம் கண்முன் வறுத்து, அதன் புகையை ஒவ்வொருவரிடமும் காட்டி, இடித்து, ஜெபனா என்னும் மண் கூஜாவில் காய்ச்சுகின்றனர். பக்கத்தில் தூபம் புகைகிறது. மூன்று சுற்று ஊற்றுவது வழக்கம். மூன்றாவதற்குப் 'பெரக்கா', அதாவது ஆசீர்வாதம் என்று பெயர்.

கூஜாவின் அழகைக் கண்டு, "இதை வனைந்தவர்கள் யார்?" என்றேன்.

"குயவர்கள். என் தாயாரின் ஊர் தெற்கே. அங்கே அக்காலத்தில் அவர்களை இப்படி ஒரே தட்டில் அமர்த்தமாட்டார்கள்" என்றார் ஓட்டுநர்.

தாயாருக்கும் அதை மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் ஆம் என்று தலையசைத்து, என் கிண்ணத்தில் மூன்றாம் சுற்றை ஊற்றினார்.