சாமானுக்குச் சுவரு போதும்

எங்கள் ஆச்சி வீட்டில் ஒரே மாதிரி இரண்டு நாற்காலி கிடையாது. அம்பாசமுத்திரத்தில், ஆற்றுக்குப் போகிற வழியில் இருந்த நீளமான வீடு அது. தெருவாசலில் நின்று பார்த்தால் தார்சா, பட்டாசால், ரெண்டாங்கட்டு, அடுக்களை, அங்கணம் என்று வரிசையாகத் தாண்டி புறவாசல் முருங்கைமரம் வரைக்கும் நேர்கோட்டில் தெரியும். அந்த நீளம் முழுக்கச் சுவரோரமாக மரச்சாமான்கள் கிடந்தன. கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் ஒரே பந்தியில் உட்கார நேர்ந்ததுபோல, எந்த ஊரிலோ பிறந்து ஏதோ காரணத்துக்காக வந்து சேர்ந்தவை. கடைக்குப் போய்ப் பார்த்துப் பேசி வாங்கியது என்று அநேகமாக எதுவும் இல்லை. ஒன்று சீதனமாக வந்தது, ஒன்று திரும்பாத கடனுக்குப் பதிலாக வந்தது, ஒன்று யாரோ ஊரைவிட்டுப் போகையில், "வச்சிருங்க, வந்து எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனது. எடுக்க வரவே இல்லை.

தார்சாவில் முதலில் கண்ணில் படுவது தாத்தாவின் எஸ்டேட் நாற்காலி. மேலே மாஞ்சோலையில், சிங்கம்பட்டி ஜமீன் காட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கம்பெனிக்காரர்கள் தேயிலை போட்டார்கள் அல்லவா, அங்கே ரைட்டராக இருந்த சின்னத்தாத்தா, வேலையை விட்டு இறங்கும்போது பங்களாவில் கழித்துப்போட்டதைத் தேயிலை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தது. முதுகு நன்றாகச் சாய்ந்திருக்கும். கைப்பலகைகள் முன்னால் நீண்டிருக்க, அவற்றுக்கு அடியில் இன்னும் இரண்டு சட்டங்கள் மடங்கிக் கிடக்கும். அவற்றை வெளியே திருப்பினால் நாற்காலி கால்வாசிக் கட்டிலாகிவிடும். நாளெல்லாம் மலை ஏறி இறங்கிய துரைமார் பூட்ஸ் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளச் செய்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் வலது பலகையில் வெற்றிலைச் செல்லமும், இடது பலகையில் மூக்குக்கண்ணாடியும் பேப்பரும், அடியில் இருந்து இழுத்த சட்டங்களில் ஆளுக்கொன்றாக நானும் தங்கச்சியும். குதிரை ஓட்டுவோம். பாக்கு வெட்டுகிற சத்தமும் சுண்ணாம்பு வாசனையும் தாத்தாவின் இருமலும் சேர்ந்துதான் குதிரைக்கு வேகம். "ஏல, சட்டம் ஒடிஞ்சா துரை வந்து கேப்பான்" என்பார். துரை எங்கே இருக்கிறார், எப்போது வருவார் என்று எனக்கு உள்ளூர பயம்தான்.

பட்டாசாலுக்குள் வந்தால் கொழும்புப் பெட்டி. ஆச்சியின் அப்பா கொழும்பில் கடை வைத்திருந்தவர். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் போய்க்கொண்டிருந்த காலம். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்து அந்தப் போக்குவரத்தும் நின்றது. பெட்டி அதற்கு ரொம்ப முன்னாலேயே கரையேறி, ரயிலேறி, ஆச்சியோடு சீதனமாக இந்த வீட்டுக்கு வந்துவிட்டது. கறுத்த மரம், மூலைக்கு மூலை பித்தளைத் தகடு, ஒரு ஆள் படுக்கிற நீளம். மூடியைத் தூக்கினால் அந்துருண்டையும் பழைய பட்டும் காய்ந்த தாழம்பூவும் கலந்து ஒரு வாசனை எழும்பி, மூடிய பிறகும் கொஞ்ச நேரம் பட்டாசாலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். மூடியிருக்கிற நேரத்தில் அதுதான் எங்கள் பெஞ்சு. சாயங்காலம் முட்டி போட்டு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற மேஜையும் அதுதான். சரஸ்வதி பூஜைக்கு அதன்மேல் வேட்டியை விரித்துப் புத்தகங்களை அடுக்கிவிட்டால், அன்றைக்கு முழுக்கப் படிக்க வேண்டாம் என்பதற்காகவே அதை இன்னொரு தடவை தொட்டுக் கும்பிடுவேன். ராத்திரி விருந்தாள் வந்தால் அதிலேயே மெத்தை.

பெட்டிக்கு மேலே சுவரில் வரிசையாகச் சாமி படங்கள். ஆணியில் மாட்டிய படங்கள் தலைப்பக்கம் முன்னுக்குச் சாய்ந்து எங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும். பாதிக்கு மேல் காலண்டரில் இருந்து வெட்டிச் சட்டம் போட்டவை. கோவில்பட்டியில் தங்கி வரைந்த கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் போட்ட படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவரையெல்லாம் நிறைத்த காலம். வருசம் முடிந்து தேதித்தாள் போனாலும் லட்சுமியைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? படங்களுக்குப் பக்கத்திலேயே தாத்தா கோட்டுப் போட்டு நிற்கிற போட்டோவும், யாரும் பார்க்காத உயரத்தில் ஒரு மான்கொம்பும்.

வீட்டிலேயே மெலிந்த சாமான் அந்த வளைநாற்காலி. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் மூடிப்போன காப்பி கிளப் ஒன்றிலிருந்து கடனுக்கு ஈடாக வந்தது என்று பேச்சு. முதுகுச் சட்டமும் பின்கால்களும் ஒரே மரம். எங்கேயும் ஒட்டு இல்லாமல் வளைந்து மேலே போய்த் திரும்பி இறங்கும். இப்படி வளைந்து வளருகிற மரம் ஏதோ காட்டில் இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். தங்கச்சிக்கும் அப்படித்தான் சொல்லிவைத்திருந்தேன். பெரியவனான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: மைக்கேல் தோனெட் என்பவர் பீச் மரக் கழிகளை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சில் வளைத்து வியன்னாவிலிருந்து இந்த மாதிரி நாற்காலிகளை விற்றிருக்கிறார். 1859-இல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி கொள்ளுமாம். அப்படிப் பெட்டி பெட்டியாகக் கப்பலில் போனதும், பார்த்துச் செய்த நகல்களுமாக உலகம் முழுக்கக் காப்பிக் கடைகளில் அது பரவியது. எங்களுடையது அசலா நகலா என்று அடியில் படுத்துப் பார்த்தாலும் தெரியாது. ஒட்டியிருந்த காகிதத்தை என்றைக்கோ கரப்பான் தின்றிருந்தது.

அதன் பிரம்பு பிய்ந்தால் பின்னித் தர ஓர் அண்ணாச்சி வருவார். அவருக்குக் கண் தெரியாது. கையில் கம்பும் தோளில் பிரம்புச் சுருளுமாகத் தார்சாவில் வந்து உட்கார்ந்ததும் முதலில் ஒரு வாளி தண்ணீர் கேட்பார். ஊறிய பிரம்புக்கு மழைக்கால வைக்கோல் வாசனை. சட்டத்தைச் சுற்றி இருக்கும் துளைகளை விரலால் ஒரு சுற்று எண்ணிவிட்டு, நெடுக்கே ஓர் இழை, குறுக்கே ஓர் இழை, மறுபடி நெடுக்கே, மறுபடி குறுக்கே, அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் என்று ஓட்டுவார். நழுவாமல் இருக்கத் துளையில் ஒரு குச்சியைச் செருகுவார். அந்தக் குச்சிகளை எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம். "இருக்குதேரா வே, போயிட்டேரா?" என்று நடுநடுவே என்னைக் கேட்பார். ஆறு வயசுப் பையனை "வே" போட்டு மரியாதையாகக் கேட்டது அந்த ஊரில் அவர் ஒருவர்தான். அதற்காகவே பசித்தாலும் எழுந்து போகமாட்டேன். வெயில் இறங்குகிற நேரத்துக்கு அந்த வட்டத்துக்குள் எட்டுப்பட்டைத் துளைகள் வரிசை பிசகாமல் நிறைந்திருக்கும்.

இத்தனை தூரம் வந்த சாமான்களுக்கு நடுவில், வீட்டை நடத்தியது என்னவோ உள்ளூர்ப் பூவரசமரத்து முக்காலிதான். புயலில் விழுந்த மரத்தில் ஆசாரி சும்மா செய்து கொடுத்தது. விடியற்காலம் புறவாசலில் ஆச்சி அதில் உட்கார்ந்து பால் வாங்குவாள். எட்டு மணிக்குத் தாத்தா சவரம் செய்யக் கண்ணாடியும் கிண்ணியும் அதன்மேல். பத்து மணிக்கு அடுக்களைப் பரணில் இருந்து ஊறுகாய்ச் சாடி இறக்க ஏணி. மத்தியானம் மின்விசிறிக்குப் பீடம். ஞாயிற்றுக்கிழமை நாவிதர் வந்தால் எனக்குச் சிம்மாசனம், அழுதுகொண்டே வீற்றிருப்பேன். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க, பல்பு மாற்ற, கார்த்திகை விளக்கை மாடக்குழியில் வைக்க, அத்தையின் தையல் மிஷினுக்கு முன்னால் போட, எல்லாவற்றுக்கும், "ஏல, அந்த முக்காலிய எடு" என்கிற குரல்தான். அது எங்கே கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தேடி எடுத்துக்கொண்டு ஓடுவதிலேயே என் பாதிப் பிள்ளைப்பருவம் போனது.

பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்கிற அன்றைக்குத்தான் எங்கள் வீட்டின் மொத்தச் சொத்தும் வெளிச்சத்துக்கு வரும். எல்லாச் சாமானையும் தூக்கித் தெருவில் போட்டுவிடுவார்கள். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து ஆட்கள் உள்ளே அடித்துக்கொண்டிருக்க, வெளியே ஆசாரி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த மெருகைத் துணிப்பந்தால் பூசுவார். தலை கிறுகிறுக்கிற அந்த வாசனைக்காகப் பக்கத்திலேயே நிற்பேன். தெருவில் போகிறவர்கள் வளைநாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். வெயிலில், தெருவுக்கு நடுவில், கொழும்புப் பெட்டிமேல் உட்கார்ந்திருப்பதைவிட ஒரு பெருமை அந்த வயசில் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் எல்லாவற்றையும் உள்ளே வைக்கும்போதுதான் ஆச்சியின் கலை தெரியும். பழையபடி எதுவும் பழைய இடத்துக்குப் போகாது. பட்டாசாலுக்கு நடுவில் நின்றுகொண்டு, முந்தானையை இடுப்பில் செருகி, "அத இங்கன போடு, இத அந்தச் சன்னலண்ட தள்ளு" என்று சொல்லிச் சொல்லி வைப்பாள். பெட்டிக்குப் பக்கத்தில் கனமான பீரோவை வைக்கவிடமாட்டாள். மெல்லிய வளைநாற்காலியைத்தான் போடச் சொல்வாள். ஒரு தடவை சித்தப்பா ஊர்ப்பழக்கம் தெரியாத யார் வீட்டையோ பார்த்துவிட்டு வந்து, மேஜையை நடுவில் போட்டுச் சுற்றிலும் நாற்காலி போடலாமே என்றார். ஆச்சி, "நடுவுல ஆளுக்கு எடம் வேணும்லா? சாமானுக்குச் சுவரு போதும்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது. அந்த நடுவில்தான் இலை போட்டோம், அப்பளம் காயப்போட்டோம், தாயம் ஆடினோம், ராத்திரி வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். சிவப்புச் சிமெண்டுத் தரை, நீலம் ஓடிய வெள்ளைச் சுவர், பச்சை சன்னல் அழி. இவை மூன்றும் மாறாமல் இருந்ததால், ஓரத்தில் எந்த நாட்டுச் சாமானைப் போட்டாலும் அந்த வீடு ஏற்றுக்கொண்டது.

சின்ன அத்தையைப் பெண்பார்க்க வந்த அன்றைக்கு இதையெல்லாம் ஆச்சி கரைத்துக் குடித்திருந்தது தெரிந்தது. மாப்பிள்ளைக்கு வளைநாற்காலி, அதில் யாரும் சாய்ந்து விழ முடியாது, நிமிர்ந்துதான் உட்கார வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்கும். மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு எஸ்டேட் நாற்காலி. கால் சட்டங்களை மட்டும் உள்ளே தள்ளியாயிற்று. கொழும்புப் பெட்டிமேல் பவானி ஜமுக்காளத்தை விரித்து நாலு மாமன்மார். பெண்டுகளுக்குத் தரையில் பத்தமடைப் பாய். தாமிரபரணிக் கரைக் கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, நாராகக் கிழித்து நெய்கிற மெல்லிய ரகம். சேலையை மடிக்கிற மாதிரி மடித்துப் பெட்டிக்குள் வைத்திருப்பாள், விசேஷத்துக்குத்தான் வெளியே வரும். முக்காலி நடுவில் வந்து, அதன்மேல் ஒரு பூப்பின்னல் துணி, வெற்றிலைத்தட்டு. காலையில் நான் அதில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டதை வந்தவர்களிடம் சொல்லிவிடக் கூடாதென்று எனக்கு ஒரு காராச்சேவுப் பொட்டலம் தனியாகக் கிடைத்தது. கேசரி, காப்பி, பேச்சு. மாப்பிள்ளையின் அம்மா வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நெறஞ்ச வீடுன்னா இதுல்லா" என்றாள். அத்தைக்கு அந்த இடமே அமைந்தது.

பிறகு சித்தப்பாவுக்கு பேங்கில் வேலை கிடைத்து, சினிமா வீடுகளில் வருகிற மாதிரி சிவப்பு ரெக்சின் சோபா செட் ஒன்று தவணையில் வந்திறங்கியது. மூன்று பேர் உட்காருவது ஒன்று, ஒற்றை இரண்டு, எல்லாம் ஒரே அச்சு. முதல் வாரம் முழுக்க நாங்கள் அதில் குதித்தோம். சித்திரை பிறந்தது. ரெக்சின் தொடையில் ஒட்டிக்கொண்டு, எழுந்திருக்கும்போது தோலைக் கேட்டது. தாத்தா ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தார்சாவுக்கே திரும்பிவிட்டார். மேலே ஏறி நிற்கவும் முடியாது, உள்ளே எதையும் வைக்கவும் முடியாது, ஓர் ஆள் தூக்கி நகர்த்தவும் முடியாது. கொஞ்ச நாளில் காய்ந்த துணி மடிக்கிற இடமாக அது நிலைபெற்றது.

ஆச்சிக்குப் பிறகு சாமான்கள் வந்த மாதிரியே கலைந்து போயின. பெட்டி பெரியப்பா மகள் வீட்டில் டிவியைத் தாங்குகிறது. எஸ்டேட் நாற்காலியைக் கேரளத்து வியாபாரி ஒருவர் நல்ல விலை சொல்லி எடுத்துப் போனார். வளைநாற்காலியும் முக்காலியும் என்னிடம். என் வீட்டிலும் அவற்றுக்கு ஜோடி இல்லை, தேடவும் இல்லை.

உங்கள் வீட்டு மச்சிலோ பரணிலோ ஜோடி இல்லாத நாற்காலி ஒன்று கிடக்கும். இறக்கித் துடையுங்கள். பிரம்பு போயிருந்தால் பின்னித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விசாரித்துக் கூப்பிடுங்கள். மற்றச் சாமானோடு பொருந்துமா என்று யோசிக்க வேண்டாம். சுவரோரமாகப் போட்டு, அடுத்து வருகிற விருந்தாளை அதில் உட்காரச் சொல்லுங்கள்.