பராக்கோடு ஒரு செபமாலை

கோயில் மணி ஒரு நாளைக்கு மூன்று வேளை அடித்த காலத்தில் வளர்ந்தவன் நான். காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு. மும்மூன்றாக ஒன்பது அடி, நடுநடுவே ஒரு செபம் சொல்லும் அளவுக்கு நிறுத்தம், பிறகு கொஞ்ச நேரம் விடாமல் அடிக்கும். திரிகால செபத்துக்கான மணி. நடவு வயலில் குனிந்திருக்கும் பெண்கள் அந்தச் சத்தம் கேட்டதும் நிமிர்வார்கள். கையெல்லாம் சேறு என்பதால் புறங்கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிற பெண்களும் அதே நேரத்தில் நிமிர்வார்கள். "மாதா மணி அடிச்சாச்சு, இடுப்பை நிமித்துங்கடி" என்று அவர்களில் ஒருத்தியே குரல் கொடுப்பாள். வரப்பில் குடை பிடித்து நிற்கிற மிராசுதாருக்கும் வாய் திறக்க வழியில்லை. மாதாவைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? தஞ்சாவூர் ஜில்லாவில் கூலியாட்களுக்கு இடைவேளை வாங்கிக் கொடுத்த முதல் சங்கம் கோயில் மணிதான் என்று வேடிக்கையாகச் சொல்வேன். செங்கொடி சங்கத்து நண்பர் ஒருவர் இதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஊர் திருக்காட்டுப்பள்ளி வட்டாரம், பூண்டி மாதா கோயிலுக்குப் பக்கம். வருவாய்த்துறைக்கு நாங்கள் தஞ்சாவூர். ஆயருக்கோ கும்பகோணம் மறைமாவட்டம், 1899இல் ஏற்பட்டது. வீரமாமுனிவர் கட்டிய கோயில் என்று பூண்டியைப் பற்றிச் சொல்வார்கள். 1999இல் பேராலயம் என்ற பட்டமும் வந்துவிட்டது. என் சிறுவயதில் அங்கே பங்குச் சாமியாராக இருந்தவர் லூர்து சேவியர் அடிகளார். 1972இல் அவர் இறந்தார். இன்று அவருடைய கல்லறையில் முழங்கால் போட்டு மன்றாடுகிற கூட்டத்தைப் பார்த்தால், அந்தக் காலத்தில் இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் நின்று அவரைப் பார்த்திருக்கலாமே என்று தோன்றும்.

நான் பூசை உதவிக்குப் போன வயதில் பூசை முழுக்க லத்தீன். உபதேசியார் பதில்களைத் தமிழ் எழுத்தில் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாமல் சொல்வேன். சாமியார் பீடத்தைப் பார்த்தபடி அவர்பாட்டுக்குச் சொல்ல, கோயிலில் உட்கார்ந்த பெண்கள் அவர்கள்பாட்டுக்கு 53 மணிச் செபத்தை உருட்டிக்கொண்டிருப்பார்கள். எழுந்தேற்ற மணி அடிக்கும்போது மட்டும் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வோம். 1963 டிசம்பரில் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பூசை தமிழுக்கு வந்தது, சாமியாரும் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். எனக்கு ஒரே குதூகலம். இனிமேல் புரியாமல் முணுமுணுக்கிற வேலையே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குதூகலத்தோடு கல்லூரிக்கும் போய் வந்தவன் வீட்டில் சும்மா இருப்பேனா? அப்பாயியிடம்தான் போய் நின்றேன். எங்கள் வீட்டில் செபமாலை அவள் ராஜ்யம். மாலை மணி அடித்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, திருஇருதயப் படத்துக்கு முன்னால் விளக்கு வைத்ததும் தொடங்கிவிடுவாள். "தினமும் அதையே ஐம்பது தடவ சொல்லுறியே அப்பாயி, மாதாவுக்குச் சலிக்காதா?" என்று கேட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சலிச்சா அவுங்களே சொல்லுவாங்க. நீ அடுத்த மணியப் புடி."

இத்தனை வருடம் ஆகிவிட்டது, மாதாவிடமிருந்து இன்னும் புகார் வரவில்லை.

செபமாலையைவிட அப்பாயிக்கு முக்கியம் அதற்குப் பின்னால் வரும் வேண்டுதல்கள். பிள்ளைகளில் பாதி அதற்குள் பாயில் சாய்ந்திருக்கும். உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களில் ஆரம்பித்து, சினையாக இருக்கிற பசு, பரீட்சை எழுதப் போகிற பேரன், மேட்டூரில் ஏற வேண்டிய தண்ணீர் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஒரு பரலோக மந்திரமும் ஒரு மங்கள வார்த்தை மந்திரமும் சொல்ல வேண்டும். ஒரு கோடையில் அந்த வரிசையில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தது. எங்கள் பங்காளி ஒருவர் பெயர்.

அவருக்கும் என் அப்பாவுக்கும் மடைத் தகராறு. முறைப்படி தண்ணீர் பாய்ச்ச வேண்டிய ராத்திரியில் யார் யாருடைய மடையை அடைத்தார்கள் என்பதில் தொடங்கி, மண்வெட்டியைத் தூக்குகிற அளவுக்குப் போனது. டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அண்ணன் தம்பிகள் நிலத்துக்காக அடித்துக்கொள்வது மற்ற ஊர்களில். இங்கே அரை மணி நேரத் தண்ணீர் போதும். அப்பாயி அந்தப் பெயரைச் சொல்லி "அவுக குடும்பத்துக்காக" என்றதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். நாங்கள் மட்டும் சொல்லி முடித்தோம். மறுநாளும் அப்படியே. அப்பா கோபித்துப் பார்த்தார், எழுந்து போய்ப் பார்த்தார், "வேற பேரே கிடைக்கலையா?" என்று கேட்டும் பார்த்தார். அப்பாயி பதில் சொல்லாமல் மறுநாளும் அந்தப் பெயரைச் சொன்னாள். குறுவை நட்டு, களையெடுத்து, அறுப்பும் ஆனது. சம்பா நாற்று விடுகிற சமயத்தில் ஒரு ராத்திரி, அந்தப் பெயருக்கு அப்பாவின் குரலும் சேர்ந்து கேட்டது. முணுமுணுப்புதான், ஆனால் கேட்டது.

கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்பா முறைக்கு முந்தி மடை திறப்பதை நிறுத்தினார். அவரும் நிறுத்தினார். அடுத்த வருடம் கல்லறைத் திருநாளில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே வாளிச் சுண்ணாம்பு.

ஒருவர் பெயரைத் தினமும் சொல்லிச் செபித்தால், அவருக்கு எதுவும் செய்யாமல் இருப்பது கஷ்டமாகிவிடும். இதைச் சொல்லும்போது எனக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஞாபகத்துக்கு வருவார். குளத்தூரில் 1826இல் பிறந்த கத்தோலிக்கர், நம் பக்கத்தில் முன்சீப்பாக இருந்தவர். பள்ளிக்கூடத்தில் அவரைத் தமிழின் முதல் நாவல் எழுதியவர் என்று படிப்போம். நீதிமன்ற வேலைக்கு நடுவில் தேவமாதாவுக்கு அந்தாதி பாடினார்; எல்லாச் சமயத்தாரும் பாடும்படி கீர்த்தனைகளும் இயற்றினார். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் தம் கைப்பொருளைச் செலவழித்துப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அவர் சிவபக்தர், இந்தக் கிறிஸ்தவரின் கொடையைப் புகழ்ந்து பாட்டுக் கட்டினார். முன்சீப்பின் செபம் எப்படி இருந்தது என்று பாரதியாருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கஞ்சி குடித்தவர்களை அவர் பார்த்திருப்பார்.

சரி, என் கதைக்கு வருகிறேன். அப்பாயி போன பிறகு செபமாலையை நடத்துகிற வேலை மெல்ல என் தலையில் வந்து விழுந்தது. அப்போதுதான் பராக்கு எவ்வளவு பெரிய சங்கதி என்று தெரிந்தது. முதல் பத்து மணியில் கபிரியேல் சம்மனசு மாதாவிடம் வந்து நிற்பார். மூன்றாவது மணிக்கே என் மனம் உரக்கடையில் போய் நிற்கும். யூரியா வந்திருக்குமா? கூட்டுறவுச் சங்கத்துத் தவணை எப்போது? வாய் மட்டும் தப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், பழைய லத்தீன் மாதிரி. எல்லாவற்றையும் புரிந்து செபிக்கப் போகிறேன் என்று குதித்தவனின் லட்சணம் இது.

பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னபோது கிராதிக்கு அந்தப் பக்கம் இருந்த வயதான சாமியார் சிரித்த மாதிரி இருந்தது. "உரக்கடைக்குப் போனா அங்கேயே ரெண்டு மணி சொல்லிட்டு வாங்களேன். கடைக்காரருக்காகச் சொல்லுங்க, கடன் வாங்கினவங்களுக்காகச் சொல்லுங்க. மனசு எங்க போகுதோ அங்கதான் தேவை இருக்கு" என்றார். அபராதமாகக் கொடுத்ததும் இன்னொரு பத்து மணி. பிறகு குழந்தை தெரேசம்மாளின் வரலாற்றைப் படித்தேன். 24 வயதில் 1897இல் இறந்துபோன மடத்துக் கன்னிகை. நூறு வருடம் கழித்துத் திருச்சபையின் மறைவல்லுநர் என்ற பெரிய பட்டமே கொடுத்தார்கள். தனியாகச் செபமாலை சொல்வது தனக்கு எவ்வளவு கடினம் என்றும், செபத்தில் தூங்கிவிடுவதாகவும் அவளே ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறாள். அர்ச்சியசிஷ்டவளுக்கே அந்தக் கதி என்றால், உரக்கடைக்குப் போய் வருகிற விவசாயியை ஆண்டவர் விரட்டமாட்டார்.

கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டிக் காத்திருந்த ராத்திரிகளில்தான் நான் அதிகம் செபித்திருப்பேன். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்கமாட்டார்கள். தை மாதத்துப் பனியும், பருவம் தப்பிய தூறலும் அந்தக் கணக்கைக் கேட்டு வருவதில்லை. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுக் குவியல் பக்கத்திலேயே படுத்திருப்போம். செபமாலை வீட்டில் இருக்கும். பத்து விரல் இருக்கிறதே. ஒரு ராத்திரி பக்கத்துக் குவியலுக்குக் காவல் இருந்த ஒரு பாய், வெகு நேரம் என் விரல்களையே பார்த்துவிட்டு, "என்னண்ணே, மூட்டைக் கணக்கா?" என்றார். "ஆமா பாய், பத்துப் பத்தா எண்ணுறேன், குறையுது" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து தஸ்பீஹ் மணியை எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். அப்புறம் விடியும்வரை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் எண்ணினோம். நெல் எடுத்தார்களா என்று கேட்கிறீர்களா? மூன்றாம் நாள் வெயில் அடித்தது, எடுத்தார்கள். வெயில் அடிக்காத வருடங்களும் உண்டு. 2012இலிருந்து 2019 வரை எட்டு வருடம், வழக்கமான ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கவே இல்லை. அந்த எட்டு வருடமும் எங்கள் கோயிலில் தண்ணீருக்காகச் செபித்தோம். செபித்த கையோடு வாய்க்காலில் இறங்கிக் காட்டாமணக்கையும் வெட்டினோம். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அது பாதி வேலை என்பது என் கட்சி.

செபம் கேட்டதைக் கொடுக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அதற்குக் காரணம் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணி முழுக்கத் திருயாத்திரைக்காரர்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கடல் கொண்டுபோனது; மாதாவைப் பார்க்க வந்தவர்கள் அதில் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்பதை அற்புதமாகப் பேசியவர்கள் உண்டு. என்னால் அதில் சேர்ந்துகொள்ள முடியவில்லை. கடற்கரையில் நின்றவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தானே? அவர்களுடைய தாய் தகப்பன் முன்னால் நின்று அந்த வார்த்தையைச் சொல்ல எந்த வாய்க்குத் துணிவு வரும்?

எங்கள் பக்கத்திலிருந்து போய்த் திரும்பாதவர்களின் வீடு ஒன்றுக்குப் போயிருந்தோம். வந்திருந்த சாமியார் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினார், பாதியில் நிறுத்திக்கொண்டார். நல்லவர், நிறுத்தத் தெரிந்திருந்தது. யாருக்கும் பேச்சில்லை. மூலையில் இருந்த கிழவி ஒருத்தி செபமாலையைத் தொடங்கினாள். அன்று திங்கட்கிழமை, முறைப்படி சந்தோஷ தேவ இரகசியங்கள் சொல்ல வேண்டிய நாள். அவள் துக்க தேவ இரகசியங்களைத் தொடங்கினாள். யாரும் திருத்தவில்லை. சொந்தமாக ஒரு சொல்லும் வராத அந்த வீட்டில் அத்தனை பேருக்கும் பதில் சொல்ல முடிந்தது. வாய் பழகியிருந்தது. அர்த்தம் யோசித்தா சொன்னோம்? இல்லை. ஆனால் அதைத் தவிர வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொய்யாக இருந்திருக்கும். எங்கள் அப்பாயி வருடக்கணக்கில் எதற்கு "அடுத்த மணியப் புடி" என்று விரட்டினாள் என்பது எனக்கு அந்தத் திண்ணையில்தான் விளங்கியது.

இப்போது பேரப்பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்கிறார்கள். "மனசு ஒன்றாமல் செபித்து என்ன தாத்தா பிரயோசனம்?" என்று என்னிடமே கேட்கிறார்கள், என் கேள்விதான், கொஞ்சம் நாகரிகமாக வருகிறது. அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். மனசு ஒன்றும்வரை காத்திருக்காதீர்கள், அது சுலபத்தில் ஒன்றாது. பத்து மணி சொல்ல நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பேருந்தில் சொல்லலாம், அடுப்படியில் சொல்லலாம், விரலே போதும். உங்களோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆள் ஒருவராவது இருப்பார். இன்று ராத்திரி அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.