சித்தப்பா கொடுக்கலாம், வாங்கக் கூடாதா?

கோத்தகிரியில் தேயிலை பயிரிடும் சித்தப்பா, கோவையில் படிக்கும் அண்ணன் மகனுக்கு ஐந்து லட்சம் கொடுத்தால் வருமான வரி இல்லை. அதே பையன் வேலைக்குப் போனபின், பச்சைத் தேயிலை விலை விழுந்த நேரத்தில் சித்தப்பாவுக்கு ஐந்து லட்சம் கொடுத்தால் முழுத்தொகையும் அவருடைய வருமானத்தில் சேரும். வாங்குபவரின் பெற்றோருடைய உடன்பிறந்தோர் சட்டப்படி உறவினர். உடன்பிறந்தோரின் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்கள் தருவது ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்நியர் கொடுத்த கணக்குதான். இத்தனைக்கும், சித்தப்பா இலை விற்ற காசு விவசாய வருமானம். அதற்கு மத்திய வரியே கிடையாது!

உடன்பிறந்தோரின் பிள்ளைகளையும் சேர்த்துப் பட்டியலை நீட்டினால் கறுப்புப் பணம் புகும் என்பார்கள். புக நினைப்பவருக்கு அத்தை, மாமா வழி இன்றும் திறந்துதானே இருக்கிறது? கொடுத்தவர் வரி கட்டிய சம்பளம், வங்கி வழியே வந்தது என்றால் சந்தேகத்துக்கு இடமேது? மணமக்களுக்குக் கல்யாணப் பரிசை யார் கொடுத்தாலும் விட்டுவிடும் சட்டம், சித்தப்பாவின் கையை மட்டும் ஏன் பிடிக்கிறது?