கடன் நோட்டுக்கு ஒரு விலை

தேனியில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், கார்டு மெஷினுக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பக்கம் பக்கமாகப் பொடி எழுத்து. அதில் ஒரு கட்டம்தான் அவருக்கு உறுத்தியிருந்தது. டெபிட் கார்டுக்கு 0.90 சதவீதம், கிரெடிட் கார்டுக்கு 2 சதவீதம், அதன் மேல் ஜி.எஸ்.டி.

"மாமா, மெஷின் ஒண்ணு, பேப்பர் ரோல் ஒண்ணு, சிம்மும் ஒண்ணு. கஸ்டமர் எந்தக் கார்டை நீட்டினாலும் எனக்கு ஒரே வேலைதான். அப்புறம் எதுக்கு அதுக்கு ஒரு ரேட்டு, இதுக்கு ஒரு ரேட்டு? இந்த ரெண்டை யாரு முடிவு பண்ணினது?"

பத்தாயிரம் ரூபாய் பில் என்றால் 200 ரூபாய். வரியோடு சேர்த்தால் 236. பெரிய கம்பெனி பெயிண்டில் சின்ன டீலர்களுக்கு நிற்கும் லாபம் எவ்வளவு மெலிதானது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எனக்கும் விடை தெரிந்தே ஆக வேண்டும் என்று பட்டது.

கியூ.ஆர். அட்டையும் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டியும் அவர் கடையில் ஏற்கெனவே இருக்கின்றன. 2020 ஜனவரி 1 முதல் யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு விதி செய்துவிட்டது. அப்படியிருக்க கார்டு மெஷின் எதற்கு? பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிக்க வருபவர்கள் நாற்பதாயிரம், ஐம்பதாயிரத்துக்குச் சரக்கு எடுக்கிறார்கள். கிரெடிட் கார்டில் போட்டால் ஒரு மாதத்துக்கு மேல் தவணை கிடைக்கும், பாயின்ட்டும் ஏறும். மெஷின் இல்லை என்று சொன்னால் பெரிய ஷோரூமுக்குப் போய்விடுகிறார்கள்.

வங்கியின் சார்பில் ஒரு இளைஞர் வந்தார். பான் கார்டு, ஜி.எஸ்.டி. சான்றிதழ், உத்யம் பதிவு, கரன்ட் அக்கவுன்ட்டின் ரத்து செய்த காசோலை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பெயர்ப் பலகை தெரியும்படி கடையை ஒரு படம், சரக்கோடு உள்ளே ஒரு படம் எடுத்தார். இதெல்லாம் முடிந்தால் கடைக்கு 15 இலக்கத்தில் ஓர் எண், மெஷினுக்கு 8 இலக்கத்தில் ஓர் எண் வரும் என்றார். இன்னொன்றும் உண்டு: என்ன தொழில் என்று சொல்லும் நான்கு இலக்கக் குறியீடு. பெயிண்ட், கண்ணாடி, சுவர்த்தாள் விற்கும் கடைகளுக்கு 5231. ஹார்டுவேர் கடை என்றால் 5251. தேனியில் இருந்தாலும் டோக்கியோவில் இருந்தாலும் அதே எண்தான். சில தொழில்களுக்குக் கட்டணம் கூடுவதும் குறைவதும் இந்த எண்ணை வைத்துத்தான். அதனால் விண்ணப்பத்தில் அது சரியாக இருக்கிறதா என்று கடைக்காரரே பார்த்துக்கொள்வது நல்லது.

இரவு கடை சாத்தும்போது செட்டில்மென்ட் கொடுத்தால் மறுநாள் வேலைநாளில் கட்டணம் போக மீதி கணக்கில் ஏறும். வாங்கியவர் பின்னால் வங்கியில் புகார் கொடுத்தால் அந்தத் தொகை நிறுத்தி வைக்கப்படும். இத்தனையையும் அந்த இளைஞர் பொறுமையாக விளக்கினார். 2 சதவீதம் யார் வைத்தது என்ற கேள்விக்கு மட்டும், "மேல இருந்து வருது சார்" என்றார்.

மேலே என்றால் முதலில் ரிசர்வ் வங்கி. அதன் சுற்றறிக்கைகளில் டெபிட் கார்டின் கதை முழுதாகவே கிடைக்கிறது. 2012இல் முதல் உச்சவரம்பு வந்தது: 2,000 ரூபாய் வரை 0.75 சதவீதம், அதற்கு மேல் 1 சதவீதம். 2018 ஜனவரியிலிருந்து அது கடையின் அளவைப் பொறுத்ததாக மாறியது. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால் 0.40, அதைத் தாண்டினால் 0.90. மைத்துனரின் கட்டத்தில் இருந்த 0.90 அங்கிருந்து வந்ததுதான். ஆனால் கிரெடிட் கார்டுக்கு இப்படி ஓர் உச்சவரம்பு எங்கும் இல்லை. அங்கே சட்டம் பேசாமல் இருக்கிறது. அப்படியானால் 2 என்ற எண் சட்டத்திலிருந்து வரவில்லை.

கார்டுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவரை மதுரையில் போய்ப் பார்த்தேன். இந்தியாவில் 1980இல் சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா கிரெடிட் கார்டு கொண்டுவந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் மெஷினுக்கு மின்சாரமே வேண்டாம். கார்டை இரும்புப் பலகையில் வைத்து, அதன் மேல் கார்பன் ஒட்டிய சீட்டை விரித்து, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்தால் கார்டில் புடைத்திருக்கும் எழுத்து சீட்டில் பதியும். ஒரு பிரதி வாங்கியவருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று வங்கிக்கு. திருட்டுப்போன கார்டுகளின் எண்களை அச்சடித்த பட்டியல் கல்லாவில் இருக்கும். ஒவ்வொரு முறையும் அதைப் புரட்ட வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் வங்கிக்கு ஃபோன் செய்து அனுமதி வாங்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் மேஜையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இதை ஒரே தொகையா பாக்காதீங்க. மூணு பேரு பிரிச்சுக்கிறாங்க. வாங்குறவருக்குக் கார்டு கொடுத்த வங்கி பெரும்பங்கை எடுத்துக்கும். நடுவுல விசா, மாஸ்டர்கார்டு மாதிரி நெட்வொர்க்குக்குக் கொஞ்சம். மிச்சம்தான் கடைக்கு மெஷின் கொடுத்த வங்கிக்கு." அந்தப் பெரும்பங்குக்கு இன்டர்சேஞ்ச் என்று பெயர். அதை நெட்வொர்க்கே நிர்ணயிக்கிறது. கடைக்காரருக்கும் அதற்கும் நேரடி ஒப்பந்தமே கிடையாது. ஆனாலும் கடைசியில் அவர் கல்லாவிலிருந்துதான் அது போகிறது.

அதன் பிறகு நான் தேடியது எல்லாம் அமெரிக்காவில் இருந்தது.

1946இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஜான் பிகின்ஸ் என்ற வங்கியாளர், சார்ஜ்-இட் என்று ஒரு திட்டம் நடத்தினார். வங்கியைச் சுற்றியுள்ள கடைகளுக்கு மட்டும். கடைக்காரர் விற்பனைச் சீட்டை வங்கியில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வார், வங்கி அதை வாடிக்கையாளரிடம் வசூலிக்கும். 1950இல் டைனர்ஸ் கிளப் வந்தது. உணவகங்களிடம் பில்லில் 7 சதவீதம் எடுத்தது. ஆனால் பலசரக்குக் கடை, செருப்புக் கடை, மருந்துக் கடை என்று சின்ன வியாபாரிகளைக் கூட்டம் கூட்டமாகச் சேர்த்தது இவர்கள் யாருமில்லை. அது நடந்தது ஃபிரெஸ்னோவில்.

கலிஃபோர்னியாவின் நடுச் சமவெளியில், உலர்திராட்சைக்குப் பேர்போன விவசாய ஊர் அது. அங்கே ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் பேங்க் ஆஃப் அமெரிக்காவில் கணக்கு வைத்திருந்தன. பெரிய நகரங்களிலிருந்து தள்ளியும் இருந்தது. சோதனை தோற்றாலும் வங்கியின் பெயர் வெளியே கெடாது. ஜோசப் வில்லியம்ஸ் என்ற அதிகாரியின் குழு முதலில் கடைகளைப் பிடித்தது. 300க்கு மேற்பட்ட கடைகள் சேர்ந்தன. பிறகு 1958 செப்டம்பரில், கேட்காமலே 60,000 பேருக்குக் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள். ஓர் ஊரே ஒரே நாளில் கார்டுக்காரர்களாக மாறியது. கார்டு இல்லாத ஊரில் எந்தக் கடைக்காரரும் சேர மாட்டார், கடை சேராத ஊரில் யாரும் கார்டு வாங்க மாட்டார்கள் என்ற சிக்கலை வில்லியம்ஸ் அப்படி உடைத்தார்.

பத்திரிகையாளர் ஜோ நோசெரா 1994இல் எழுதிய புத்தகத்தில் இந்தப் பகுதியைப் படித்தபோது எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. வில்லியம்ஸ் பெரிய கடைகளைத் தேடிப் போகவில்லை. சியர்ஸ் போன்ற பெருங்கடைகள் தாங்களே வாடிக்கையாளருக்குக் கடன் கொடுத்து, அதற்கென்று தனி அலுவலகமும் ஆட்களும் வைத்து வட்டி சம்பாதித்துக்கொண்டிருந்தன. சின்னக் கடைக்காரரால் அது முடியாது. ஆனால் கடன் கொடுக்காமலும் இருக்க முடியாது. கொடுத்தால் நோட்டில் எழுத வேண்டும், மாதக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் பில் எழுதி அனுப்ப வேண்டும், வராத பணத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். வங்கி அவரிடம் போய்ச் சொன்னது இதைத்தான்: அந்த நோட்டை எங்களிடம் கொடுத்துவிடுங்கள். சீட்டைக் கொண்டுவந்து கட்டினால் உடனே பணம். வாங்கியவர் கட்டாவிட்டால் நட்டம் எங்களுடையது. இதற்கு விலை 6 சதவீதம்.

அந்த விலை நியாயமானதா? நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். வங்கி உண்மையாகவே நட்டத்தைத் தலையில் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கலிஃபோர்னியா முழுக்க 20 லட்சம் கார்டுகள், 20,000 கடைகள். 4 சதவீதம் பேர் பணம் கட்ட மாட்டார்கள் என்று எதிர்பார்த்த இடத்தில் 22 சதவீதம் பேர் நிலுவை வைத்தார்கள். கோடிக்கணக்கான டாலர் போனது. 1959 முடிவதற்குள் வில்லியம்ஸும் வங்கியை விட்டுப் போய்விட்டார். ஆனால் அந்த நட்டம் எதுவும் ஃபிரெஸ்னோ செருப்புக் கடைக்காரரின் வாசலுக்கு வரவில்லை.

இந்த விலையை யார் வைக்கிறார்கள் என்பதற்கான விடை எதிர்பாராத இடத்தில், ஒரு வழக்கின் தீர்ப்பில் கிடைத்தது.

1966இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா தன் கார்டை மற்ற வங்கிகளுக்கும் உரிமம் கொடுக்க ஆரம்பித்தது. கடை ஒரு வங்கியிடம், வாங்குபவர் இன்னொரு வங்கியிடம் என்று ஆனது. கடையிடம் பிடித்த கட்டணத்தை யார் வைத்துக்கொள்வது? கார்டு கொடுத்த வங்கிக்கு முழுசாக அனுப்ப வேண்டும் என்பது தொடக்க விதி. கடையிடம் எவ்வளவு பிடித்தோம் என்று கடை வங்கிதான் சொல்ல வேண்டும். குறைத்துச் சொன்னால் கண்டுபிடிக்க வழியில்லை. சச்சரவு முற்றியது. 1970இல் டீ ஹாக் என்பவர் முன்னின்று வங்கிகள் கூட்டாக ஓர் அமைப்பை ஏற்படுத்தின. 1976இல் அதுவே விசா ஆனது. அந்த அமைப்பு 1971இல், கடையிடம் என்ன பிடித்தாலும் சரி, கார்டு கொடுத்த வங்கிக்கு எல்லோரும் ஒரே அளவாக 1.95 சதவீதம் தர வேண்டும் என்று முடிவு செய்தது.

ஃபுளோரிடாவைச் சேர்ந்த நபான்கோ என்ற நிறுவனம் இதை எதிர்த்து வழக்குப் போட்டது. வங்கிகளுக்காகக் கடைகடையாகப் போய் வணிகர்களைச் சேர்ப்பதுதான் அதன் தொழில். நம் தேனிக்கு வந்த இளைஞர் செய்யும் அதே வேலை. கார்டும் கொடுத்துக் கடையையும் வைத்திருக்கும் வங்கி, தன் கார்டு தன் கடையில் தேய்க்கப்பட்டால் இந்தத் தொகையை யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. கார்டே கொடுக்காத நாங்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டியிருக்கிறது. வங்கிகள் கூடி விலையை நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று வாதிட்டது. 1984இல் தோற்றது, 1986இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இப்படி ஒரு பொதுக் கட்டணம் இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கான வங்கிகள் சேர்ந்து ஓர் அமைப்பை நடத்தவே முடியாது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

அந்தத் தீர்ப்பில் வங்கிகளின் வாதமும் இருக்கிறது, இடைநிறுவனத்தின் வாதமும் இருக்கிறது. சச்சரவு தீர்த்தவர்களும் வங்கிகள், விலை வைத்தவர்களும் வங்கிகள், வழக்காடியது அவர்களுக்குக் கடை பிடித்துக் கொடுத்தவர். பணம் கொடுக்கும் கடைக்காரர் அந்த மேஜையில் ஒரு பக்கத்திலும் இல்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. இந்த எண் மாற்றவே முடியாத ஒன்றும் அல்ல. ஆஸ்திரேலியாவின் மத்திய வங்கி 2003இல் இன்டர்சேஞ்சைக் கட்டுப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் அதைக் கிரெடிட் கார்டுக்கு 0.30, டெபிட் கார்டுக்கு 0.20 சதவீதத்தோடு நிறுத்தியது. அங்கே கார்டுகள் ஒழிந்துபோகவில்லை.

இதையெல்லாம் மைத்துனரிடம் சொன்னபோது அவர் சொன்னதுதான் நான் படித்த எதிலும் இல்லாதது. "மாமா, எங்கிட்ட கடன் சொல்லி எடுக்கிறது பெயிண்டரும் மேஸ்திரியும். அவங்ககிட்ட எங்க கிரெடிட் கார்டு இருக்கு? கார்டு நீட்டுறவரு, கார்டு இல்லாட்டியும் கையில காசு கொடுத்திருப்பாரு." ஃபிரெஸ்னோவில் 6 சதவீதத்துக்குக் கடைக்காரர் ஒரு பாரத்தை இறக்கி வைத்தார். இங்கே 2 சதவீதம் கட்டியும் பெயிண்டர்களின் நோட்டு அப்படியேதான் இருக்கிறது. கடன் அபாயம் இல்லாதவரின் கடன் அபாயத்துக்கும், அவருடைய தவணை நாட்களுக்கும், பாயின்ட்டுக்கும் சேர்த்து இவர் கட்டுகிறார். அதை வாங்குபவர் தலையில் வைக்கவும் வழியில்லை. டெபிட் கார்டுக்குக் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே சொல்லிவிட்டது. கிரெடிட் கார்டுக்கு வாங்கக் கூடாது என்று வணிகர் ஒப்பந்தங்களில் பொதுவாகவே எழுதியிருக்கும்.

மெஷின் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மதுரை அதிகாரி போட்டுக் காட்டிய மூன்று கோடுகளில் பேரம் பேச முடிவது மெஷின் கொடுக்கும் வங்கியின் பங்கில் மட்டும்தான் என்பதைப் பிடித்துக்கொண்டார். அந்த இளைஞர் மறுபடி வந்தபோது மைத்துனர் மொத்தக் கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. "உங்க வங்கிக்கு இதுல எவ்வளவு நிக்குது, அதை மட்டும் சொல்லுங்க" என்றார். பிரீமியம் கார்டு, கம்பெனி கார்டு, வெளிநாட்டுக் கார்டு ஒவ்வொன்றுக்கும் ரேட்டைத் தனித்தனியாக எழுதித் தரச் சொன்னார். மெஷினுக்கான மாத வாடகையைப் பற்றியும் கேட்டார். மேலிடத்தில் பேசிவிட்டு வந்து, சாதாரணக் கிரெடிட் கார்டுக்கு 1.75 என்று போட்டுக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட தொகைக்கு மேல் மெஷினில் ஓடும் மாதங்களில் வாடகையும் கிடையாது. குறியீட்டு எண் 5231தானா என்று பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.