பல்லேகலவில் ஒரு சபை

கண்டியிலிருந்து திகன பஸ்ஸில் போனால், தென்னக்கும்புரவில் மகாவலியைக் கடந்து பல்லேகலவை அடையலாம். மத்திய மாகாண சபை கூடிய இடம் இதுதான். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களின் 58 உறுப்பினர்கள் இங்கே பாடசாலை, ஆஸ்பத்திரி, வீதி பற்றிக் கேள்வி கேட்டார்கள், பிரேரணை கொண்டுவந்தார்கள், நியதிச் சட்டம் இயற்றினார்கள்.

2013 செப்டெம்பர் 21இல் வடக்கில் நாம் வாக்களித்த அதே நாளில், இங்கே தோட்டத்துப் பெண்களும் வரிசையில் நின்றார்கள். 2018 ஒக்டோபரில் இரு சபைகளின் காலமும் முடிந்தது. பின்னர் வருடக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை, ஆளுநர்களே நிர்வகித்தார்கள். நம் மனுவை அலுவலகத்தில் கொடுக்கலாம். ஆனால் அதைப் பற்றிச் சபையில் எழுந்து கேட்க ஆள் வேண்டுமல்லவா?

சகோதரிகளே, அடுத்த தேர்தலில் வாக்களிப்பதோடு நில்லாமல், வேட்பாளர் பட்டியலிலும் நமக்கு இடம் கேட்போம்.