செவியில் பிறக்கும் நடிப்பு

தில்லியில் வெயில் கொளுத்தும் கோடை விடுமுறையில் பள்ளிகள் அடைபடும்போது, சிறார் நாடகப் பயிற்சிகள் தொடங்குகின்றன. 1959ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தேசிய நாடகப் பள்ளி, கல்விவழி நாடகத்திற்கென ஒரு குழுவை 1989இல் அமைத்தது. அக்குழுவின் நடிகர்களே சிறார்க்கு ஆசிரியராகின்றனர். மேடையில் நின்று பழகியவர்கள் ஆதலால், எவ்விடத்தில் கால் நடுங்கும், எச்சொல்லில் மூச்சு முட்டும் என்பதை அவர்கள் நன்கறிவர்.

இத்தகைய பயிற்சிகளில் பெரும்பாலும் வசனம் முதலில் தரப்படுவதில்லை. விளையாட்டு, மூச்சுப் பயிற்சி, எதிரில் நிற்பவரின் அசைவைக் கண்ணாடிபோல் அப்படியே செய்து காட்டுதல் ஆகியவையே முன்னே வருகின்றன. இதற்குக் காரணம் உண்டு. புதிதாக நடிக்க வரும் சிறுவன், பிறர் பேசும்போது கேட்பதில்லை. தன் வசனத்தையே மனத்துள் உருப்போட்டுக்கொண்டிருப்பான். அவன் வாய்திறந்ததும் காட்சி உயிரிழந்துவிடும். எதிரிலிருப்பவர் கண்ணை நோக்கி, அவர் சொல்லை முழுமையாகச் செவிமடுத்து விடையிறுக்கும் நாளில், அவனது அச்சம் தானே விலகுகிறது. தன்னைப் பற்றிய நினைவு அப்போது அவனுக்கு இருப்பதில்லை.

பயிற்சியின் நிறைவில் நாடகம் அரங்கேறுகிறது. கைதட்டல் அன்று மாலையே அடங்கிவிடும். பிறர் சொல்லுக்குச் செவிகொடுக்கும் பண்போ வகுப்பறையிலும் வாழ்விலும் உடன்வரும். மேடையேறி நடிக்காத மாணவர்க்கும் அப்பண்பு வேண்டற்பாலதே.