பனியில் இறங்கும் முன் கோணத்தை அளந்துவிடுங்கள்

குல்மார்க் போகவிருக்கும் தம்பி ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்.

"டாக்டர், ஆஃப் பிஸ்ட் ஸ்கீயிங் போறோம். மலைச் சாய்வை அளக்க எந்தக் கருவி வாங்கலாம்? போன் ஆப் போதுமா?"

நல்ல கேள்வி. இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் வெட்கக்கேடானது. இருந்தாலும் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை.

சீர் செய்து கண்காணிக்கும் பாதையை விட்டு விலகி, யாரும் தொடாத பனியில் சறுக்குவதுதான் ஆஃப் பிஸ்ட். குல்மார்க்கில் கோண்டோலாவின் இரண்டாம் கட்டம் ஏறி அபர்வத் மலையில் இறங்கினால் பெரும்பாலும் இதுதான். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் சிக்கி போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள்.

ஆளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வில் கிளம்புகின்றன. 30க்குக் கீழே பனி பாளமாகப் பிய்த்துக்கொண்டு வருவது அரிது. சிக்கல் என்னன்னா, சறுக்க ரொம்ப ஜாலியா இருக்கிற சாய்வும் அதேதான்!

கண்ணால் பார்த்து சொல்ல முடியாதா? நெற்றியில் கை வைத்து "லேசா சூடு, 100 இருக்கும்" என்று சொல்லும் அம்மாக்களை தினமும் பார்க்கிறேன். தெர்மாமீட்டர் 103 காட்டும். பனியிலும் கதை அதேதான். 28க்கும் 34க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

போன் ஆப்: வசதியானது. ஆனால் கடுங்குளிரில் பேட்டரி திடீரென்று படுத்துவிடும். கையுறையோடு தொட்டால் திரை கேட்காது. பின்பக்கம் கேமரா புடைத்திருப்பதால் போனை மல்லாக்க வைத்தால் கோணம் தப்பும். பக்கவாட்டு விளிம்பை ஸ்கீ கம்பின் மேல் வைத்து அளங்கள். புதைந்தவரைத் தேட உதவும் டிரான்ஸீவரை போன் குழப்பும். அதனால் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. இடைவெளி வேண்டும்.

கிளினோமீட்டர் உள்ள திசைகாட்டி: பேட்டரி தேவையில்லை. தூரத்தில் நின்றபடியே எதிரே உள்ள சாய்வை அளக்கலாம். இந்த வசதி ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு கம்புகள்: செலவே இல்லை. சம நீளமுள்ள இரண்டில் ஒன்றை பனியில் செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னொன்றின் நுனி மேல்பக்கச் சாய்வைத் தொடும்படி படுக்கைவசமாகப் பிடியுங்கள். அதன் மறுமுனை செங்குத்துக் கம்பின் சரிபாதியில் பட்டால் சுமார் 27 டிகிரி. 120 செ.மீ. கம்பில் 70 செ.மீ. உயரத்தில் பட்டால் 30. அதுக்கு மேலே பட்டால் உஷார்.

சாய்வுக்கு நிறம் தீட்டிய வரைபடம்: முந்தைய இரவே பார்த்துவிட வேண்டும். ஆனால் சின்னச் சின்ன செங்குத்தான மேடுகள் அதில் தெரியாது.

இப்போது என் கதை.

புதுசா வாங்கின கிளினோமீட்டரோடு ஒரு சாய்வின் அடியில் நின்று அளந்தேன். 24 டிகிரி. "சேஃப்தான், இப்படியே குறுக்கே போயிடலாம்" என்று வழிகாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தக் காஷ்மீரி பெரியவர் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே கை காட்டினார்.

"டாக்டர் சாப், அதையும் அளங்க."

நின்ற இடத்திலிருந்தே அளந்தேன். 37.

எனக்கு வியர்த்துவிட்டது. நான் நின்ற 24 டிகிரி பனி தானாகக் கிளம்பாது, சரி. ஆனால் மேலே இருப்பது கிளம்பினால் வந்து விழுவது என் தலையில்தானே! காலில் வீக்கத்தோடு வருபவருக்குக் காலை மட்டும் பார்த்து அனுப்பக் கூடாது, இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்கணும் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். பனியில் அதே தப்பைச் செய்தேன்.

பேசாமல் சுற்றுவழியில் போனோம். அன்று அந்தச் சாய்வில் எதுவும் நடக்கவில்லை. அதனால் என் கணக்கு சரி என்று ஆகிவிடாது.

மருத்துவராக ஒன்று சொல்கிறேன். பனியில் முழுதாகப் புதைந்தவர்களை 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனால் மூன்று பேர்தான். பெரும்பாலும் கொல்வது குளிர் அல்ல, மூச்சுத்திணறல். உதவிக்கு ஆள் வரும் வரை அந்த உடல் காத்திருக்காது. கூட இருப்பவர்கள்தான் தோண்ட வேண்டும்.

ஆக தம்பி, என் பதில்: கிளினோமீட்டர் வாங்குங்க. கம்பு முறையைப் பழகிக்குங்க. போனை மூன்றாவதா வச்சுக்குங்க. காலடியை மட்டும் அளக்காம தலைக்கு மேலே இருக்கிறதையும் அளங்க. அதுவும் "இறங்கலாம்" என்று மனசு முடிவு செய்யும் முன்பே அளங்க. ஆசை வந்த பிறகு பார்த்தால் 33கூட 30 மாதிரிதான் தெரியும்.

சாய்வு மட்டுமே எல்லாம் இல்லை. அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை, டிரான்ஸீவர், துழாவும் கம்பி, மண்வாரி, உள்ளூர் வழிகாட்டி எல்லாமே வேணும்.

நல்லபடியா போயிட்டு வாங்க. வந்ததும் போட்டோ அனுப்புங்க.